130 சதுரங்கள்: சேலத்துக் கபடிக் குழு ஒன்று பணம் திரட்டிய விதம்

சேலம் தாதகாப்பட்டிப் பக்கம் ஒரு கபடிக் குழு இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம். தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் கோடியில் மாநகராட்சிக்குச் சொந்தமான காலி இடம். சாயங்காலம் ஆனால் பத்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். பையன்கள் அதிகம், பெண் பிள்ளைகள் ஓர் அணிக்குத் தேறுகிற அளவுக்கு இருக்கிறார்கள். பெற்றோர் பெரும்பாலும் விசைத்தறி, கொலுசுப் பட்டறை, லீ பஜார் மண்டி என்று வேலைக்குப் போகிறவர்கள். குழுவின் கணக்கு நோட்டுகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. பணம் திரட்ட அவர்கள் எதையெல்லாம் செய்தார்கள், எது நிலைத்தது, எது போனது, ஏன் போனது என்பதை எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கிற மற்ற குழுக்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என்ன செலவு இருக்கிறது?

நோட்டைப் புரட்டினால் செலவு இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று மாதாமாதம் வருவது: அவித்த முட்டை, சுண்டல், ஐஸ் ஸ்ப்ரே, க்ரேப் பேண்டேஜ், விளக்குக்குக் கரண்ட், வெளியூர்ப் போட்டிக்குப் பஸ் செலவு. தொகை சின்னதுதான், ஆனால் ஒரு மாதம்கூட விடாது. இன்னொன்று எப்போதாவது ஒருமுறை வருகிற பெரிய செலவு. இந்தக் குழுவுக்கு அது களத்தில் விரிக்கும் கபடி மேட்.

மேட் ஆடம்பரம் இல்லை. மண் தரையில் வெறுங்காலோடு பழகிய பிள்ளை, பெரிய போட்டிகளுக்குப் போனால் மேட் மேல் ஷூ போட்டு ஆட வேண்டும். மண்ணில் பாய்ந்து விழுந்தால் உடம்பு கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போகும். மேட் அப்படி விடாது, பிடித்துக்கொள்ளும். முட்டி உரியும், கணுக்கால் திரும்பும். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும்போது ஷூ எங்கே நிற்கும் என்பதே பிடிபடாது. திறமையில் குறையே இல்லாத பிள்ளைகள் தரை பழக்கமில்லாத ஒரே காரணத்தால் முதல் சுற்றிலேயே வெளியே வந்தால், அது அவர்கள் தோல்வி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

போட்டி நடத்தினால் பணம் வருமா?

நம் பக்கத்தில் எந்தக் குழுவுக்கும் முதலில் தோன்றுவது மின்னொளிக் கபடிப் போட்டிதான். இவர்களும் நடத்தினார்கள். அணிக்கு நுழைவுக் கட்டணம், முதல் பரிசுக்கு ஒருவர், இரண்டாம் பரிசுக்கு ஒருவர், கோப்பைக்கு ஒருவர், ஃப்ளெக்ஸில் எல்லார் படமும். கூட்டம் நன்றாகவே வந்தது. முடிந்த பிறகு நோட்டைக் கூட்டிப் பார்த்தால் கையில் நின்றது ரொம்பக் கொஞ்சம்.

காரணம் செலவுப் பட்டியலிலேயே இருக்கிறது. விளக்குக் கம்பம், ஜெனரேட்டர், மைக் செட், பந்தல், நாற்காலி, நடுவர்களுக்குப் படி, வெளியூர் அணிகளுக்கு ராத்திரிச் சாப்பாடு, அவர்கள் தங்க ஒரு மண்டபம். பரிசுக்கென்று வருகிற பணம் அப்படியே பரிசாகப் போய்விடும். அதில் குழுவுக்கு ஒரு ரூபாய் கிடையாது. நேரச் சிக்கலும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். விடிய விடிய ஆடும் போட்டியை மைக் இல்லாமல் நடத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும். இரண்டு நாள் என்றால் வாடகையும் இரட்டிப்பு.

போட்டி நடத்தவே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சொந்த மண்ணில் ஆடுகிற மகிழ்ச்சி கிடைக்கும், தெருவுக்குக் குழு இருப்பது தெரியும். அதற்காக நடத்தலாம். வருமானம் என்று மட்டும் எழுதக் கூடாது. செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் எவ்வளவு பெரிதாக நடத்துவது என்பதில் நிதானம் வரும்.

அடுத்து வந்தது குலுக்கல் யோசனை. ஆளுக்கு ஐம்பது ரூபாய் சீட்டு, முதல் பரிசு இருசக்கர வாகனம். ஒரு வக்கீல் அண்ணன் தடுத்தார். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-இலிருந்தே தடை. அதற்கும் முன்பே, 1979-இல் பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த யோசனை அன்றைக்கே முடிந்தது.

மேட் வாங்கிய கதை

மேட்டுக்குப் பணம் கேட்டுத் தெருத்தெருவாகப் போனபோது கிடைத்ததெல்லாம் பத்தும் இருபதுமாகத்தான். கடைக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கல்லாவில் கைக்கு வந்த நோட்டை எடுத்து நீட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். அப்புறம்தான் குழுவில் ஆடும் ஒரு பெண் பிள்ளை நோட்டில் கட்டம் போட்டுக் கொண்டுவந்தாள்.

ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் இருக்கும் ஓரப் பட்டையான லாபியும் அதற்குள் அடக்கம். மேட் ஒரே விரிப்பாக வருவதில்லை. மீட்டருக்கு மீட்டர் சதுரமாக வரும். விளிம்பில் இருக்கும் பல்லோடு பல் கோத்தால் களம் ஆகிவிடும். ஆக 130 சதுரம். பெண்களுக்கான 12-க்கு 8 மீட்டர் களத்தையும் இதற்குள்ளேயே கோடு போட்டுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை நோட்டில் 130 கட்டம் போட்டு, நடுக்கோடு, போனஸ் கோடு, லாபி எல்லாம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்திருந்தாள். ஒரு கட்டத்துக்கு ஆயிரம் ரூபாய், லாரி வாடகையும் அதிலேயே அடக்கம் என்று முடிவானது.

அதே தெரு, அதே கடைகள். ஆனால் கேள்வி மாறிவிட்டது. “அண்ணா, எந்தக் கட்டம் உங்களுக்கு?” என்று நோட்டை விரித்து வைத்தால், ஆள் குனிந்து பார்க்கிறார். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்கிறார். முந்தி ஒரு காலத்தில் தானும் ஆடியதைச் சொல்கிறார். மளிகைக் கடைக்காரர் ஒருவர் தன் அப்பா நினைவாக ஒன்று, பேத்தி பேரில் ஒன்று என இரண்டு எடுத்தார். தறியில் வேலை செய்யும் ஐந்து பேர் ஆளுக்கு இருநூறு போட்டு ஒரு கட்டத்தை எடுத்து, ஐந்து பேர் பெயரையும் எழுதச் சொன்னார்கள். போனஸ் கோட்டுக் கட்டங்கள்தான் முதலில் தீர்ந்தன. லாபிக் கட்டங்கள் கடைசிவரை நின்றன. மோதல் தொடங்கின பிறகுதான் லாபி களத்தோடு சேரும் என்ற விதியைப் பிள்ளைகள் ஒவ்வொரு கடையிலும் நின்று விளக்கிச் சொல்லி, அவற்றையும் கொடுத்து முடித்தார்கள்.

ஒவ்வொரு சதுரத்தின் அடியிலும் கொடுத்தவர் பெயரும் எண்ணும் மார்க்கரில் எழுதியிருக்கிறது. தினமும் மேட் விரிக்கும்போது பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுக்குகிறார்கள்.

இது ஏன் வேலை செய்தது? மொத்தத் தொகையைச் சொன்னால் யாருக்கும் அது தன்னுடைய பொறுப்பாகத் தெரியாது. நூற்று முப்பதில் ஒன்று என்றால் தெரியும். கொடுத்த பணம் எங்கே கிடக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டவும் முடிகிறது. எவ்வளவு பாக்கி என்பதை எண்ணிக்கொள்ளலாம். பாக்கி குறையக் குறைய மீதியை எடுக்க ஆட்கள் தானாக வந்தார்கள். கைப்பந்துக் குழு என்றால் வலை, கம்பம் என்று பிரிக்கலாம். கால்பந்து என்றால் கோல் போஸ்ட், பந்து, ஆளுக்கொரு ஜோடி ஷூ. எண்ணக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை: அத்தனை சதுரத்தையும் எங்கே வைப்பது? மழை படக் கூடாது, எலி கடிக்கக் கூடாது, தினமும் எடுத்து வைக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். விசைத்தறி ஷெட் வைத்திருக்கும் ஒருவர் பாவு நூல் அடுக்கும் மூலையில் பாதியைக் காலி செய்து கொடுத்தார். ரசீது போட முடியாத அந்த உதவியையும் நன்கொடைப் பக்கத்தில் எழுத வைத்திருக்கிறேன். மேட் வாங்க நினைக்கிற குழு, பணத்துக்கு முன்னால் இடத்தைத் தேடட்டும்.

மாதம் நூறு ரூபாய்

பெரிய பொருள் வாங்குவது எளிது என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. முட்டைக்குப் பணம் திரட்டுவதுதான் கஷ்டம். முட்டை வாங்கித் தந்ததற்கு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. இன்றைக்குச் சாப்பிட்டது நாளைக்கு இருக்காது.

முன்பெல்லாம் போட்டியில் மிஞ்சிய பணத்தை வைத்து மாதச் செலவை ஓட்டினார்கள். அது தீர்ந்ததும் முட்டை நின்றுவிடும், மறுபடி கை நீட்டுவார்கள். இப்போது மாதச் செலவுக்கு மாத வரவு, ஒருமுறைச் செலவுக்கு ஒருமுறை வசூல் என்று பிரித்துவிட்டார்கள். மாதம் நூறு ரூபாய் தருகிற ஒரு வட்டம். பெரிய ஆட்களைத் தேடிப் போகவில்லை. மைதானத்தைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்களைக் கேட்டார்கள்: எதிர் வீட்டு அக்கா, டீக்கடை அண்ணன், தறி ஷெட்காரர், பால் ஊற்றுகிறவர், முன்பு ஆடி இப்போது வேலைக்குப் போகிற பையன்கள். சென்னையிலும் ஓசூரிலும் வேலையில் இருக்கிற பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் சில மாதங்களில் நின்றுவிட்டார்கள். மைதானத்தைத் தினம் பார்க்கிறவர்கள் நிற்கவில்லை.

அந்த வட்டத்தைக் கட்டிக் காப்பது ஒரு கரும்பலகை. மைதானத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மாதம் முடிந்ததும் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தியில் எழுதிவிடுவார்கள். முட்டை இத்தனை, ஐஸ் ஸ்ப்ரே ஒன்று, ஆத்தூருக்குப் பஸ் செலவு இவ்வளவு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதுவதில்லை. கொடுக்க முடியாதவர் அதைப் பார்த்துக் கூச வேண்டாமே. பலகையில் ஒருமுறை இருப்பு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தது. அதைப் பார்த்த ஒரு அம்மா, “என்ன தம்பி, அடுத்த வாரம் முட்டைக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டு, மறுநாள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். கை நீட்டிக் கேட்டதில் இது கிடைத்திருக்காது.

பணம் வாங்கும் கியூஆர் கோடு யார் கணக்கில் இருக்கிறது என்பதும் முக்கியம். பல குழுக்களில் செயலாளரின் சொந்தக் கணக்குதான். செயலாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் கேள்வி வரும், அன்றைக்கு அவரால் பதில் காட்ட முடியாது. குழு பேரில் கணக்கு வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

பிள்ளைகளிடம் மாதக் கட்டணம் வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. சிறிய தொகை வைத்தார்கள். முடியாதவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டவில்லை என்று எவரும் கேட்கவும் கூடாது என்று விதி. இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. ஷூ இல்லாத பிள்ளைக்கு ஷூ தரலாம். பத்துப் பேர் முன்னால் அவமானப்பட்டவன் மறுநாள் மைதானத்துக்கே வர மாட்டான்.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன். சிக்னலில் உண்டியலோடு பிள்ளைகளை நிறுத்துகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். கட்ட நோட்டோடு தெரிந்த கடைக்குப் பெரியவர் ஒருவருடன் போவது வேறு. வெயிலில், வண்டிகளுக்கு நடுவில், முன்பின் தெரியாதவர்களிடம் கை நீட்டுவது வேறு. ஆட வந்த பிள்ளையை அப்படி நிறுத்த எந்தக் குழுவுக்கும் உரிமை இல்லை.

மாம்பழப் பெட்டி

சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட முடியுமா? கோடையில் பள்ளி விடுமுறை, பயிற்சியும் காலையில்தான். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து முற்றின காயாக வாங்கி, வைக்கோலில் பழுக்கவைத்து, ஐந்து கிலோ பெட்டியாகக் கட்டி விற்றார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கச் சட்டப்படித் தடை. இவர்கள் கல்லும் வைக்கவில்லை, புகையும் போடவில்லை; அதைப் பெட்டி மேலேயே எழுதினார்கள். விலை கொஞ்சம் கூட இருந்தும் வாங்கினார்கள் என்றால் அதற்கு முக்கியக் காரணம் அந்த ஒரு வரிதான்.

வேலை லேசானது இல்லை. காம்பு ஒட்ட ஒடித்தால் பால் வடிந்து தோல் கருகும். விரல்கடை நீளம் விட்டுப் பறித்த காயாகக் கேட்டு வாங்க வேண்டும். வைக்கோலில் ஒன்றின் மேல் ஒன்று முட்டாமல் அடுக்க வேண்டும். தினமும் புரட்டிப் பார்த்து, அழுக ஆரம்பித்ததை உடனே எடுத்துவிட வேண்டும். மல்கோவாவும் இமாம் பசந்தும் பழுத்தாலும் பச்சை முழுக்கப் போகாது; நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, காம்படியில் மோந்து பார்க்க வேண்டும். ஒரு பையனின் பாட்டிதான் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். காய் பழமாகும்போது எடை குறையும், அழுகல் கழியும். இந்த இரண்டையும் கழிக்காமல் லாபம் போட்டால் கணக்கு உதைக்கும்.

நஷ்டம் வராமல் காப்பாற்றியது முன்பணம். பெட்டிக்குப் பணம் கட்டி முடித்த பிறகுதான் தோப்புக்குப் போனார்கள். கேட்காத பழம் ஒன்றுகூட வாங்கவில்லை. உணவுப் பொருள் விற்பதால் சிறு வியாபாரத்துக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்தார்கள்; வருடத்துக்கு நூறு ரூபாய்தான் கட்டணம். அந்தப் பதிவு தட்டுவடைக் கடைக்கும் உதவியது. போட்டி நாளில் வெளியாளுக்கு இடம் விடாமல், பெற்றோர்களே பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, காரச் சட்னி அரைத்து, தட்டுவடை செட் போட்டார்கள். அந்தப் போட்டியில் குழுவுக்கு மிஞ்சியதில் பெரும்பங்கு அந்தக் கடையிலிருந்து வந்தது.

எப்போது கேட்பது?

ஆடியில் சேலத்தில் யாரிடமும் விளையாட்டுக்கு வசூல் கேட்கக் கூடாது. கோட்டை மாரியம்மன் தொடங்கித் தெருவுக்குத் தெரு அம்மன் பண்டிகை, குகை என்ற பகுதியில் சாமி வேடம் போட்டு வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை. எல்லாக் குடும்பமும் கோயிலுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கும், ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் வந்திருப்பார்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம். தீபாவளி போனஸ் கைக்கு வந்த பிறகும், தை பிறந்த பிறகும் கேட்டால் மனசோடு கொடுப்பார்கள். இவர்கள் கட்டம் கொடுத்ததும் தையில்தான்.

நிறுவனங்கள், ரசீது, சட்டம்

பெரிய ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது, கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியைக் கேட்டால் என்ன என்று எல்லாக் குழுவும் நினைக்கும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் உள்ள விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி எல்லாம் அந்த நிதியைச் செலவிடக்கூடிய பணிகளின் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் கம்பெனி தன் சார்பில் வேலையை ஒப்படைக்க வேண்டுமானால், சங்கம் பதிவாகி இருக்க வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும், மூன்று வருடமாவது அந்த வேலை செய்த தடம் வேண்டும், அதற்கென்று சி.எஸ்.ஆர்.-1 படிவமும் போட்டிருக்க வேண்டும். ஆகவே இன்றைக்குப் பதிவு செய்கிற குழு இதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கிற காலத்தில் கரும்பலகையில் எழுதியதையெல்லாம் நோட்டிலும் ஏற்றி வைத்தால், அதுவே பின்னால் தடமாகும்.

பதிவு கஷ்டமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். 80ஜி கிடைத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவருக்கும் கிடையாது. இதைச் சொல்லாமல் சலுகை உண்டு என்று மட்டும் சொல்லிப் பணம் வாங்கக் கூடாது.

சிங்கப்பூர், வளைகுடா என்று சொந்தபந்தம் இருக்கிற தெரு இது. இந்தியக் குடிமகனாகவே அங்கே வேலை செய்கிறவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. சொந்த மாமாவாக இருந்தாலும் இதுதான் சட்டம். ஒரு தடவை இப்படி ஒருவர் அனுப்ப முன்வந்தபோது, நன்றி சொல்லி வேண்டாமென்று விட்டார்கள். பணம் தேவைப்பட்ட நேரத்தில் எடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

ஸ்பான்சர்களிடம் போனால் கட்டாயம் வருகிற கேள்வி ஒன்று உண்டு: நடராஜன் மாதிரி, மாரியப்பன் மாதிரி ஒருத்தராவது வருவாரா? சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போன நடராஜன் ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் அமைத்தார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கினார். அவர்களைச் சொல்லிப் பணம் கேட்பது சுலபம். இந்தக் குழு அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. இத்தனை பிள்ளைகள் தினமும் வருகிறார்கள், இத்தனை பேர் பள்ளியை விடாமல் படிக்கிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறார்கள். கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வருடத்துக்கு ஒரு செட் ஷூ தர ஒத்துக்கொண்டார். பதக்கத்தைச் சொல்லி வாங்கின பணம் பதக்கம் வராத வருடம் நின்றுவிடும். அந்தச் சுமையைப் பதினாலு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது சரியில்லை.

இப்போது நடப்பது

கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை 2024-இல் அரசு கொடுக்கத் தொடங்கியது. மாநகராட்சிக்குள் இருக்கிற இந்தக் குழுவுக்கு அந்த வழி இல்லை. நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். மைதானம் மாநகராட்சி இடம் என்பதால் கம்பி வேலிக்கும் விளக்குகளுக்கும் அதில் மனுப் போடத் தயாராகிறார்கள். மக்கள் பங்கை மறுபடியும் கட்டம் போட்டே திரட்டப்போகிறார்கள். வேலியை மீட்டர் மீட்டராகப் பிரித்து நோட்டு தயாராகிவிட்டது.

மனுவை எழுதும்போது பெண் பிள்ளைகள் ஒரு திருத்தம் சொன்னார்கள். விளக்கு மைதானத்துக்கு மட்டும் போதாது, மைதானத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற சந்துக்கும் ஒன்று வேண்டும். இருட்டினதும் வீட்டில் கூப்பிட்டுக்கொள்வதால் தங்களுக்குப் பயிற்சி நேரம் பையன்களுடையதில் பாதிதான் கிடைக்கிறது என்றார்கள். சந்து விளக்கு மனுவில் முதல் வரியாக ஏறியிருக்கிறது.